கூலி பேசி அனுப்பிய தோபித்து



தோபித்து நூலை நம் குடும்பங்கள் பெரும்பாலும் திருமணத்தை ஒட்டியே நினைவுகூருகின்றன. தோபியாவும் சாராவும் மணநாள் இரவில் ஒன்றாக எழுந்து செபித்த பகுதி திருமணத் திருப்பலிகளில் வாசிக்கப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பயணம் புறப்படும் பிள்ளைகளுக்காக இரபேல் அதிதூதரை மன்றாடும் தாய்மாரும் நம்மிடையே பலர் உளர். ஆனால் அந்நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், பயணம் தொடங்குவதற்கு முன்பாக நடைபெறும் ஒரு சிறிய உரையாடலை, வாசித்த வேகத்திலேயே கடந்து போய்விடுகிறோம். அது பணத்தைப் பற்றிய பேச்சு என்பதனாலோ என்னவோ, மறையுரைகளிலும் அது அதிகமாக இடம்பெறுவதில்லை.

நினிவே நகரில் நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்த தோபித்து பார்வையை இழந்து, வறுமையில் வாடுகின்றார். மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் முன்னர் ஒப்படைத்து வைத்த பத்துத் தாலந்து வெள்ளி அவருக்கு நினைவு வருகிறது. அதைப் பெற்றுவர மகன் தோபியாவை அனுப்ப வேண்டும். மகனுக்கோ வழி தெரியாது. ஆகவே கூலிக்கு ஒரு வழித்துணை தேடப்படுகிறது. வந்து நின்ற இளைஞரிடம் குலமும் குடும்பமும் விசாரிக்கிறார் தோபித்து. அனனியாவின் மகன் அசரியா என்றும், உறவினர்களுள் ஒருவர் என்றும் அவர் சொல்கிறார். முதியவர் மகிழ்ந்து போகிறார். அந்தக் குடும்பத்தாரோடு தாம் முன்பு எருசலேமுக்கு வழிபடச் சென்ற நாட்களை எடுத்துரைக்கிறார்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். “அட, நம்மட ஆள்தானே! போயிட்டு வாரும் தம்பி, பிறகு பார்த்துச் செய்வம்” என்றுதான் பெரும்பாலும் சொல்லியிருப்பார். தோபித்து அவ்வாறு சொல்லவில்லை. உறவைக் கண்டு மகிழ்ந்த அதே வாயால் உடனேயே கூலியையும் பேசுகின்றார். நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி; வழிச்செலவு தம் மகனுக்கு எப்படியோ அப்படியே அவருக்கும்; இவற்றுக்கு மேலாக ஒரு தொகையைக் கூட்டித் தருவதாகவும் வாக்களிக்கிறார். கூலி எவ்வளவு, செலவு யாருடையது, மேலதிகமாக என்ன கிடைக்கும் ஆகிய மூன்றும் புறப்படுமுன்னரே தெளிவாகிவிட்டன. தம்முன் நிற்பவர் இறைவனின் தூதர் என்பது அந்தப் பார்வையற்ற மனிதருக்குத் தெரியாது. விலை பேசியதனால் அத்தூதர் மனம் வருந்தியதாக நூலில் எங்குமே இல்லை.

தோபித்துவின் வீட்டில் கூலியின் அருமை தெரிந்திருந்தது என்பதையும் இங்கு நினைவிற்கொள்வது நல்லது. அவர் பார்வையிழந்திருந்த காலத்தில் மனைவி அன்னாவே நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். ஒருமுறை வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுக்க, அது திருட்டாடோ என்று தோபித்து ஐயுற்று மனைவியோடு சச்சரவிட்ட கதையும் அந்நூலில்தான் இருக்கிறது. பேசிய கூலிக்கு மேல் வந்த ஒன்று என்னவென்று தெளிவாகாதபோது, நல்ல குடும்பத்திலும் சண்டை வரும் என்பதை அவர் தம் அனுபவத்தில் கண்டிருந்தார்.

நம் ஊர்களில் வீட்டு வேலைக்கு வரும் மேசனார் பெரும்பாலும் நம் பங்கைச் சேர்ந்தவராகவே இருப்பார். ஓடாவியார் நம் அன்பியத்தில் இருப்பார். மின்னிணைப்பு வேலை செய்யும் இளைஞர் நம் பிள்ளையோடு முதல் நன்மை வாங்கியவராயிருப்பார். இவர்களிடம் “இவ்வேலைக்கு எவ்வளவு முடியும், எழுதித் தாருங்கள்” என்று கேட்பது நம்பிக்கையீனம் என்று கருதப்படுகிறது. கேட்பவருக்கும் கூச்சம், சொல்பவருக்கும் கூச்சம். எனவே “பார்த்துத் தாங்கோ” என்ற இரண்டு சொற்களோடு பல இலட்சம் ரூபா பெறுமதியான வேலைகள் தொடங்கிவிடுகின்றன. பார்க்கும்போதுதான் இருவர் கண்ணிலும் வெவ்வேறு தொகை தெரிகிறது. வீட்டுக்காரர் மனதில் ஒரு கணக்கு இருந்தது, வேலைகாரர் மனதில் இன்னொரு கணக்கு இருந்தது. இரண்டும் ஒருநாளும் நேருக்கு நேர் வைத்துப் பேசப்படவில்லை. வீட்டுக்காரர் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார். வேலைகாரரோ தம் உழைப்பு பறிக்கப்பட்டதாக எண்ணுகிறார். பிறகு ஞாயிறு திருப்பலியில் சமாதானம் அறிவிக்கும் நேரத்தில் ஒருவர் மற்றவர் இருக்கும் பக்கம் திரும்பாமலே தலையசைத்துவிட்டு நிற்கிறார்கள். இதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இத்தகைய மனக்கசப்புகளுள் பெரும்பாலானவை வஞ்சகத்தினால் வந்தவை அல்ல என்பது என் கருத்து. பேசாமல் விட்டதனால் வந்தவையே அதிகம்.

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கோபுரம் கட்ட விரும்பிய ஒருவரைப் பற்றிப் பேசுகின்றார். கட்டி முடிக்கத் தன்னிடம் போதிய வசதி உண்டா என்று முதலில் உட்கார்ந்து செலவைக் கணிக்காதவர், அடித்தளத்தோடு நின்றுபோய்ப் பார்ப்போரின் ஏளனத்துக்கு ஆளாவார் என்கிறார். சீடராவதன் விலையைச் சொல்வதற்காகவே அவர் இந்த உவமையை எடுத்தார் என்பது உண்மை. ஆயினும் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அது விளங்கியது, அவ்வாறான அரைகுறைக் கட்டடங்கள் அவர்கள் கண்முன்னே நின்றமையினால் அல்லவா? நமக்கும் அது விளங்குவதில் சிரமமில்லை. யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என எப்பக்கம் போனாலும், இரும்புக் கம்பிகள் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்களையும், கூரையின்றி மழையில் கறுத்த சுவர்களையும் வழியெங்கும் காண்கிறோம். போரினால் அழிந்தவை போக, செலவுக் கணக்குப் பிழைத்ததனால் நின்றவையும் அவற்றுள் உண்டு.

போருக்குப் பின்னர் 2012ஆம் ஆண்டு பெருமளவில் தொடங்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடக்கு கிழக்கில் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக, பயனாளியின் கையிலேயே வழங்கப்பட்டது. மேசன் தேடுவது, மணல் எடுப்பது, மரம் வாங்குவது எல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் பொறுப்பாயிற்று. முகாம்களிலிருந்து மீண்டு வந்து தறப்பாள் கொட்டில்களில் இருந்தவர்கள், தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கட்டட வேலையை நடத்துவோராக மாறினார்கள். பலர் அதைச் சிறப்பாகச் செய்து முடித்தார்கள். வேறு பலர், இன்னும் ஓர் அறை, முன்னால் ஒரு விறாந்தை என்று அத்திவாரத்தைச் சற்றே பெரிதாக்கிவிட்டு, கூரைக்கு வந்தபோது நகையை அடகு வைத்தார்கள். அடுத்து வட்டிக்கு எடுத்தார்கள். அத்திவாரம் வெட்டுகிற நாளில் ஓர் அறை கூட்டுவது கயிற்றை இன்னும் பத்தடி நீட்டுவதாக மட்டுமே தெரியும். அதன் சுவரும், நிலையும், சன்னலும், கூரையும், பூச்சும் அந்தக் கயிற்றில் தெரிவதில்லை. அவற்றைக் கடதாசியில் தெரிய வைப்பதுதான் செலவு மதிப்பீடு.

எனவே, அன்பானவர்களே, மதிப்பீடு என்றால் என்னவென்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ‘எஸ்டிமேற்’ என்று நாம் சொல்வதும் ‘கொட்டேசன்’ என்று சொல்வதும் ஒன்றல்ல. முன்னையது, ஏறத்தாழ இவ்வளவு முடியும் என்ற கணிப்பு. வேலையின்போது கூடலாம், குறையலாம். பின்னையது, இவ்வேலையை இத்தொகைக்குச் செய்து தருவேன் என்ற விலைக்கூறல். நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது அவரைக் கட்டுப்படுத்தும். உங்கள் கையில் தரப்பட்ட கடதாசி இவ்விரண்டில் எது என்று கேட்டுத் தெளிவதே முதல் வேலை. கணிப்பை உறுதிமொழியென்று நினைத்துக்கொண்டு வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தவர்கள் பிறகு படும் பாட்டைச் சொல்லி முடியாது.

அடுத்தது, கூலிக் கொந்தராத்தா, பொருளும் கூலியும் சேர்ந்த முழுக் கொந்தராத்தா என்பது. கூலிக் கொந்தராத்து என்றால் சீமெந்து, மணல், கம்பி யாவும் உங்கள் பொறுப்பு. பலகை, சாரம், கொங்கிறீற் கலக்கும் இயந்திரத்தின் வாடகை யாருடையது என்ற கேள்வி அப்போது எழும். பலர் இதைக் கேட்பதில்லை. கூரைத்தட்டுப் போடும் நாளன்று காலையில், இயந்திரத்துக்கு ஆள் அனுப்பும்போதுதான் அது தெரியவரும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் விலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 30 அடிக்கு 30 அடி அளவான வீடு 900 சதுர அடி. சுவருக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி கூரை நீண்டிருந்தால், கூரையின் ஓரத்திலிருந்து அளக்கும்போது அதே வீடு 33 அடிக்கு 33 அடியாகி 1,089 சதுர அடியாகிவிடும். இருவர் சதுர அடிக்கு ஒரே விலையையே சொல்லியிருக்கலாம். சுவரை அளப்பவருக்கும் கூரையை அளப்பவருக்கும் இடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். இருவரும் பொய் சொல்லவில்லை. எங்கிருந்து அளப்பீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதேபோல் மலசலகூடக் குழி, தண்ணீர்த் தாங்கி, மின் வயறிங், கதவுப் பூட்டு, மதில் ஆகியவை அந்தச் சதுர அடி விலைக்குள் அடங்குமா என்பதையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மணல் கியூப் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டி ஒன்றின் நீளம் பத்தடி, அகலம் ஐந்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் இரண்டடி உயரத்துக்கு நிரவியிருந்தால் அது ஒரு கியூப். ஒன்றரை அடி உயரம்தான் என்றால் முக்கால் கியூப். ஒரு லோட் என்று எழுதாமல் ஒரு கியூப் என்று மதிப்பீட்டில் எழுதச் சொல்வதற்கும், பெட்டியைத் தட்டுமுன் ஓர் அளவுநாடாவோடு நிற்பதற்கும் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது. ஆயினும் எல்லோரிடமும் ஒரே வேலையைச் சொல்லியல்லவா கேட்க வேண்டும்? ஒருவரிடம் ஓட்டுக் கூரை என்றும் இன்னொருவரிடம் தகடு என்றும் சொல்லிவிட்டு இரு தொகைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரு படவரைஞரைக் கொண்டு வரைபடமும், பொருட்களின் அளவுப் பட்டியலும் தயாரித்து, அதன் பிரதியையே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தால், வரும் விலைகளை வரிவரியாக ஒப்பிடலாம். பிரதேச சபையின் அனுமதிக்கு எப்படியும் வரைபடம் தேவைப்படும். அதை வேலை தொடங்கிய பின்னர் சடங்குக்காக வரைவிப்பதைவிட, விலை கேட்குமுன்னரே வரைவிப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். விலை எழுதிக் கொடுப்பதும் ஓர் உழைப்பே. ஒரு நாள் வேலையை விட்டு வந்து, இடத்தைப் பார்த்து, இரவிலே விளக்கின் கீழ் கணக்குப் போட்டுத் தருகிறார் ஒருவர். ஆறேழு பேரை விளையாட்டாக அழைத்து அலைக்கழிப்பதும், ஒருவருடைய கடதாசியைக் கொண்டுபோய் மற்றவரிடம் காட்டி அவர் விலையை உடைப்பதும் கிறிஸ்தவருக்கு அழகல்ல. வேலை கொடுக்கப்படாதவருக்கு அதை நேரிற் சொல்லி நன்றி கூறுவதே மரியாதை. வருவதற்கும் கணிப்பதற்கும் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டு, இருந்தால் மனமுவந்து கொடுங்கள்.

மதிப்பீட்டுக்கு ஆயுட்காலமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவையும் தாண்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டில் எழுதிய விலைக்கே வேலையை முடிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்ட சிறு ஒப்பந்தகாரர்கள் நொந்து போனார்கள். நடுவழியில் வேலையைக் கைவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வது எளிது. இவ்விலை எத்தனை நாட்களுக்குச் செல்லுபடியாகும், சீமெந்தோ கம்பியோ விலையேறினால் அந்த ஏற்றத்தை யார் தாங்குவது என்று இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தால், அந்தச் சுமை இருவர் தோளிலும் பகிரப்பட்டிருக்கும். நாடு அமைதியாய் இருக்கும் காலத்திலும் மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்ல வழக்கம்.

பணத்தை எப்போது கொடுப்பது? அத்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, நிலைமட்டம் வந்ததும் இவ்வளவு, கூரை ஏறியதும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் மீதி என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். முற்பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு வேலைகாரரைத் தேடித் திரியும் வீட்டாரும் உண்டு. முழு வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக வாசலில் நிற்கும் வேலைகாரரும் உண்டு. வெளிநாட்டிலிருந்து அண்ணன் காசு அனுப்புவார் என்று சொல்லியே பல மாதங்கள் இழுத்தடிக்கும் வீடுகளை நாம் அறிவோம். நாட்கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டுமென இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. கொடாது பிடித்து வைக்கப்பட்ட கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார்.

காணி வாங்கும்போது நாம் மிகவும் கவனமாக இருக்கிறோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியின் உரிமை மாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட்டால் மட்டுமே செல்லும். அதனால் ஒரு பரப்புக் காணிக்கும் உறுதி எழுதி, பெட்டிக்குள் பூட்டி வைக்கிறோம். அதே காணியின் மேல், காணியின் விலையைவிடக் கூடிய செலவில் வீடு எழுப்பும்போது மட்டும் வாய்ச்சொல் போதுமென்று விட்டுவிடுகிறோம்! இங்கே சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் நாமும் எழுதுவதில்லை. ஒரு கொப்பித் தாளில், இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.

உறுதி என்றவுடன் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியதும் நினைவுக்கு வருகிறது. மகளுக்குச் சீதன உறுதியோ நன்கொடை உறுதியோ எழுதப் போகிறவர்கள், மொத்தமாக இவ்வளவு என்று சொல்லப்படும் தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தொகைக்குள் பல கைகள் இருக்கின்றன. சொத்தின் பெறுமதி மீது கணிக்கப்படும் முத்திரை வரி ஒன்று. காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கும் செலவு ஒன்று. பதிவுக் கட்டணம் ஒன்று. புதிய வரைபடம் தேவையானால் நில அளவையாளரின் கட்டணம் ஒன்று. இவை போகவே நொத்தாரிசின் உழைப்புக்கான கட்டணம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தருமாறு பணிவோடு கேட்டால் நேர்மையான சட்டத்தரணி எவரும் முகம் சுளிக்கமாட்டார். அரசுக்குப் போகும் பணத்தையும் அவருடைய கட்டணமென்று எண்ணி, ஐயா கொள்ளை அடிக்கிறார் என்று ஊரில் கதைப்பதும் அதனால் நின்றுவிடும்.

வைத்தியசாலையில் இக்கேள்வி இன்னும் கடினமாகிறது. தாயோ தந்தையோ கட்டிலில் கிடக்கும்போது விலை கேட்பது பாசக் குறைவென்று தோன்றும். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது நம் நாட்டின் பெரும் பேறு. அதே சத்திரசிகிச்சையை அங்கே செய்ய முடியுமா, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், காத்திருப்பதால் ஆபத்து உண்டா என்று வைத்திய நிபுணரிடமே கேட்கலாம். தனியார் வைத்தியசாலைக்குப் போவதென்று தீர்மானித்தால், சொல்லப்படும் தொகுப்புக் கட்டணத்துக்குள் சத்திரசிகிச்சைக் கூடம், நிபுணரின் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், மருந்துகள், அறை வாடகை எத்தனை நாட்களுக்கு என்பன அடங்குமா என்றும், மேலதிகமாக ஒரு நாள் தங்க நேர்ந்தால் எவ்வளவு கூடும் என்றும் எழுத்தில் பெற வேண்டும். சிக்கல் நேர்ந்தால் எந்தக் கணக்கும் மாறும். அதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆயினும் சிக்கலின்றி முடிந்தாலே எவ்வளவு என்பதை அறியாது போகின்றவர்கள், நோயாளர் வீடு திரும்பும் நாளில் கணக்குப் பீடத்தின் முன்னால் நின்று உறவினர்களுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டி வருகிறது.

சட்டத்தின் பாதுகாப்பும் நமக்கு இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் உரியது. தொழிலாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறனோடும் அதைச் செய்ய வேண்டுமென்பது, எழுதப்படாவிட்டாலும், ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அடங்கியதாகவே அச்சட்டம் கொள்கிறது. குறையிருந்தால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். முறையிடப் போனால் அங்கே முதலில் கேட்கப்படுவது பற்றுச்சீட்டும் எழுத்தும்தான். “பார்த்துத் தாங்கோ” என்று தொடங்கிய வேலைக்கு எதைக் காட்டுவது?

மிகக் குறைந்த விலையைச் சொன்னவரையே எடுப்பதுதான் சிக்கனம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடலில், இருவரும் உடன்பட்டுவிட்டார்கள் என்பதனால் மட்டும் ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று கற்பித்தார். சிக்கனமாகவும் ஒழுங்காகவும் வாழும் தொழிலாளி ஒருவர் தம் வாழ்வை நடத்தப் போதியதாக அது இருக்க வேண்டும். வறுமையின் நெருக்கத்தினால் குறைந்த கூலிக்கு உடன்படுபவர் அநீதிக்கு ஆளாகிறார் என்பது அவர் போதனை. 2025ஆம் ஆண்டு தெரிவான நம் திருத்தந்தை 14ஆம் லியோ, அந்தப் பெயரைத் தாம் ஏற்றமைக்கு இச்சுற்றுமடலையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். மற்றவர்களைவிட மிகத் தாழ்ந்த விலை ஒன்று வந்தால், எங்கே குறைத்தார் என்று கேளுங்கள். சீமெந்திலே குறைத்தாரா, தம் பிள்ளைகளின் சாப்பாட்டிலே குறைத்தாரா என்று அறிந்த பிறகே தீர்மானியுங்கள். இரண்டும் உங்கள் வீட்டுக்கு நல்லதல்ல.

விலை பேசிவிட்டால் போதும் என்றும் இருந்துவிடலாகாது. தொடக்கநூலில் இலாபான் தம் மருமகன் யாக்கோபுவிடம், உறவினன் என்பதற்காக எனக்குச் சும்மா உழைக்கலாமா, உன் கூலி என்னவென்று சொல் என்றுதான் கேட்டார். கேட்டவிதம் எத்துணை அழகு! ஆனால் பின்னர் அவர் அந்தக் கூலியைப் பத்து முறை மாற்றியதாக யாக்கோபு தம் மனைவியரிடம் முறையிடுகிறார். தோபித்துவின் வீட்டிலோ நடந்தது வேறு. பயணம் முடிந்து மகன் நலமாகத் திரும்பியதும், வழித்துணையாக வந்தவரின் கூலியைக் கொடுத்து, பேசியதற்கு மேலும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று தந்தையே மகனுக்கு நினைவூட்டுகிறார். மகனோ கொண்டுவந்ததிற் பாதியைக் கொடுத்தாலும் தகும் என்கிறார். கூலி முன்னரே பேசப்பட்டிருந்ததனால், அதற்கு மேல் கொடுக்க நினைத்தது அன்பளிப்பு என்று இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

இறுதியாக, நாம் விலை கேட்க மிகவும் கூசும் இடம் ஒன்று உண்டு. அது மரண வீடு. மலர்ச்சாலைக்குப் போகிறவர், பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் கண்ணீரோடு நிற்கிறார். அப்பாவுக்கு இதுவாவது செய்ய வேண்டாமா என்ற எண்ணம் மேலோங்க, விலையைக் கேளாமலே ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு வந்துவிடுகிறார். பந்தல், கதிரை, ஒலிபெருக்கி, பூ அலங்காரம், ஊர்தி, பதாகை, புகைப்படம், வந்தோருக்கான தேநீர் என்று அந்த மூன்று நாட்களில் வீட்டுக்குள் வந்துபோகும் சேவைகளை எண்ணினால், ஒரு சிறு திருமணத்தின் அளவுக்கு அது வளர்ந்திருக்கும். எட்டாம் நாள் திருப்பலி முடிந்த பின்னர், துண்டுகள் ஒவ்வொன்றாக வரத்தொடங்கும்.

துயரப்படுகின்றவரிடம் அந்நேரத்தில் விலை பேசு என்று சொல்வது கொடுமை. ஆகவே இதை அவருக்காக வேறொருவர் செய்ய வேண்டும். மரண உதவிச் சங்கமோ, புனித வின்சென்ட் டி போல் சபையினரோ, அன்பியத்தின் பொறுப்பாளரோ, நிதானமான ஒருவரை இதற்கென்று முன்னரே நியமித்து வைக்கலாம். ஊரிலுள்ள மலர்ச்சாலைகளில் பெட்டிக்கு எவ்வளவு, உடலைப் பதப்படுத்த எவ்வளவு, ஊர்தி கிலோமீற்றருக்கு எவ்வளவு, ஒலிபெருக்கி நாளொன்றுக்கு எவ்வளவு என்று, மரணம் எதுவும் நிகழாத ஒரு சாதாரண வாரத்திலே போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதத்துக்கொரு முறை அதைத் திருத்திக்கொள்ளட்டும். வீட்டார் எவ்வளவு தாங்குவர் என்பதைக் குடும்பத்தில் ஒருவரிடம் தனியே அழைத்துக் கேட்டு, அந்த அளவுக்குள் அடங்கும் இரண்டு மூன்று பெட்டிகளை மட்டும் பார்த்து வைத்துவிட்டு, அதன் பிறகு மகனையோ மகளையோ தெரிவு செய்ய அழைத்துச் செல்லட்டும். துண்டுகள் யாவும் வீட்டாரின் கைக்குப் போகாமல் அவரிடமே வரட்டும். கணக்கு முடிந்ததும் ஒரே தாளாக எழுதி, எட்டாம் நாளுக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.